பெட்டியில் வந்த வண்டி

ஐம்பதுகளில் கோயமுத்தூரில் கார் வைத்திருந்த ஒருவரைப் பார்த்து, "உங்க வண்டி எங்கீங்க பொறந்தது?" என்று கேட்டால், அது சும்மா பேச்சுக்குக் கேட்கும் கேள்வி இல்லை. குலம் கோத்திரம் விசாரித்த கையோடு அடுத்து விசாரிப்பது அதுதான். மில் முதலாளியாகட்டும், பஞ்சு ஜின்னிங் ஃபேக்டரிக்காரராகட்டும், நிலக்கடலை மண்டிக்காரராகட்டும், பதில் ஒன்றுதான். "நம்முளுதுங்களா? சீமையிலயே பொறந்ததுங்க. கப்பல்ல முழுசா வந்து எறங்குச்சு." சொல்லும்போது அந்தக் கப்பலையே தாங்கள்தான் துறைமுகத்தில் கயிறு போட்டுக் கட்டியது போல நெஞ்சு நிமிரும்.

பாதிக்கு மேல் பொய். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து தொலைந்ததுதான் என் கல்யாணத்துக்கு வந்த வினை.

அப்பா திருச்சி ரோட்டில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பருத்தி விவசாயம் பார்த்த மனுஷன், அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குப் பிறகு டவுனுக்கு வந்து கடை போட்டார். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. சாமான் எல்லாம் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். நம்பர் தப்பாக எழுதினால் தப்பான சாமான் வந்து உட்கார்ந்துகொள்ளும், திருப்பி வாங்க மாட்டார்கள். அப்படி வந்து உட்கார்ந்த சாமான் ஒரு அலமாரி நிறையச் சேர்ந்த பிறகுதான், எஸ்.எஸ்.எல்.சி.யோடு "பொண்ணுக்கு இது போதும்" என்று நிறுத்தி வைத்திருந்த என் நினைவு அவருக்கு வந்தது. "அம்மணி, இந்தப் பொஸ்தகத்துல என்னமோ போட்டிருக்கான், பாரு" என்று கம்பெனிக்காரன் அனுப்பிய தடித்த புத்தகத்தை அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார். பருப்பு வேகிற நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன். அந்த மாதம் பருப்பு நிறையத் தடவை தீய்ந்தது.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காரின் பானெட்டைத் தூக்கினால் இஞ்சினுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு திருகி வைத்திருப்பார்கள். அதில் சேஸிஸ் நம்பர் இருக்கும், கொஞ்சம் எழுத்தும் கொஞ்சம் எண்ணுமாக. முதல் எழுத்து என்ன மாடல் என்று சொல்லும். அடுத்தது இஞ்சின் எவ்வளவு பெரிது என்று சொல்லும். அதற்கும் அடுத்தது ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்று சொல்லும், அதைத்தான் உள்ளே உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளலாமே! முக்கியமானது கடைசி எழுத்து. எண்ணுக்கு முன்னால் 'கே' என்று ஒரு எழுத்து இல்லையென்றால், வண்டி இங்கிலாந்துத் தொழிற்சாலையில் முழுசாகச் செய்தது. 'கே' இருந்தால், பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து அனுப்பியதை மெட்ராஸிலோ பம்பாயிலோ ஒரு கொட்டகையில் வைத்து நம் ஆட்கள் கோத்தது. கோத்த வண்டிக்குக் கண்ணாடி, பேட்டரி, ஒயர் எல்லாம் இங்கத்தியது. அதனால் சாமானும் வேறு.

கோத்த வண்டி ஒன்றும் மட்டமில்லை. அதே இஞ்சின்தான், அதே ஓட்டம்தான். பல்லடம் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான் கத்தும். ஆனால் அதை எங்கள் ஊரில் யாரிடம் சொல்வது?

கடைக்கு வருகிறவர்களிடம் 'கே' விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அப்பா எனக்கு உத்தரவு போட்டிருந்தார். அவர் முறையே வேறு. தலையைச் சொறிந்துகொண்டு, "ஏனுங்க, உங்க வண்டிக்கு நம்மூருச் சாமானே நல்லா ஒத்துவருமுங்க" என்பார். வந்தவருக்கு விளங்கிவிடும். முகம் ஒரு நொடி சுருங்கும். பிறகு, "ஆமாங்க, சீமைச் சாமான் நம்ம சூட்டுக்குத் தாங்கறதில்லீங்க" என்று அவரே ஒரு காரணத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் காபி கிளப்பில் உட்கார்ந்து மறுபடியும் கப்பல் கதை சொல்வார். ஊரே இப்படி ஒருவருக்கொருவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுகமாக இருந்தது. கல்யாண வீடுகளில் மட்டும் இஞ்சின் சூடு ஆறட்டும் என்று சொல்லிப் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். தகட்டை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

அப்புறம் சீமை வண்டி இறக்குமதி கிட்டத்தட்ட நின்றே போயிற்று. அவ்வளவுதான், ஏற்கனவே இருந்த வண்டிகளுக்கெல்லாம் ராஜகுமாரன் மவுசு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து எங்கள் கடைக்கு அவர் வந்தார். நிறைய தோட்டம், ஒரு ஜின்னிங் ஃபேக்டரி, வீட்டுக்கு ஒரே மகன். அவர் அப்பாவின் காருக்கு முன்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. அப்பா உள்ளே வந்து என்னிடம் சொல்ல, நான் "கடைசி எழுத்து இல்லாமச் சொல்ல முடியாதுங்க" என்று சொல்லி அனுப்ப, அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வர, அதுவும் தப்பாக இருக்க, எனக்குப் பொறுமை போய் நானே கடை வாசலுக்கு வந்துவிட்டேன். பானெட்டைத் தூக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்தேன். 'கே'.

"பெட்டியில வந்த வண்டிங்க. இந்த ஊருக் கண்ணாடிதான் சேரும்" என்று சொல்லிவிட்டேன். அப்பா பின்னாலிருந்து இருமினார்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட கெரகமே! எங்கப்பா லிவர்பூல்ல இருந்து வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறாருங்க. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பாவம்" என்றார். அதுவரை 'கே' என்று தெரிந்து சிரித்த ஒரு ஆணை நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பில் விழுந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கே விழுந்தேன். அடுத்து ஃபேன் பெல்ட் வாங்க வந்தார். அதற்கடுத்து ஒன்றுமே வாங்காமல் வந்து, வாசலில் நின்று கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த என்னோடு பேசிவிட்டுப் போனார். "அந்த வித்தைய எனக்கும் கத்துக் குடுங்க" என்பார். சொல்லிக் கொடுத்தால் மறந்துவிட்டு வருவார். வேண்டுமென்றே மறக்கிறார் என்று நினைத்து நான் பூரித்துப்போனேன்.

பெண் கேட்டு வந்தார்கள். ஜாதகம் பொருந்திற்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அப்பா எங்கள் வீட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"நாங்க எதையும் கேக்கறவங்க இல்லீங்க. கேட்டு வாங்கற பழக்கம் எங்க பரம்பரையிலயே இல்லீங்க. பையனுக்கு ஒரு வண்டி நீங்களாப் பிரியப்பட்டுக் குடுத்தா வேண்டாங்கறதுக்கும் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு, சீமையில பொறந்ததா இருந்துட்டாத் தேவலைங்க. ஏன்னா நம்மூட்டுல நிக்கறது சீமை வண்டிங்க. அதுக்குப் பக்கத்துல கோத்த வண்டி நின்னா நல்லா இருக்காதுங்க பாருங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஆனால் எனக்கு அவர் வேண்டும். அதனால் வண்டியும் வேண்டும்.

அப்பா அலைந்தார். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி வரை கார் வைத்திருக்கும் வாசலெல்லாம் ஏறி இறங்கினார். அவர் நம்பரை எழுதிக்கொண்டு வருவார், நான் பார்த்து 'கே' என்பேன், அவர் மறுபடி கிளம்புவார். "உசுரோட ஒரு சீமை வண்டி இந்த சில்லாவுலயே இல்லியா அம்மணி?" என்று ஒருநாள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கடைசியில் வால்பாறை எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டி கிடைத்தது. மலைச் சாலையில் ஓடி ஓடித் தேய்ந்து, கதவைச் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. ஆனால் தகட்டில் 'கே' இல்லை. நான் அந்தத் தகட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இல்லவே இல்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

உறுதி வார்த்தைக்கு நாள் குறித்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் கல்யாணம் பேசி முடிந்த மாதிரி. அவர்கள் இரண்டு வண்டி நிறைய ஒறம்பரை, சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு மாட்டுத் தரகரும். பெண் வீட்டுக்கு மாட்டுத் தரகர் எதற்கு என்று எங்கள் ஆட்கள் விழித்தார்கள். விஷயம் இதுதான்: கண்ணபுரம் சந்தையில் காளை பிடிக்கும்போது அந்தத் தரகர் சுழி பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவர்கள் வீட்டில் ஒரு உருப்படியும் உள்ளே நுழைந்ததில்லை. வண்டியும் உருப்படிதானே?

தரகர் காரைச் சுற்றி வந்தார். முன்னால் போய் அதன் கம்பிவரிசையைப் பல் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பின்னால் போய்த் தட்டினார். கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி நடை பார்த்தார். பெயிண்ட் குமிழியிட்டிருந்த ஒரு இடத்தில் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றித் தடவி வெகுநேரம் யோசித்தார். அப்பாவுக்கு வியர்த்தது. "குத்தமில்லீங்க. பின்கட்டு நல்லா எறங்கியிருக்குது. ஊட்டுக்கு ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் துண்டைக் கையில் போட்டு அப்பாவின் விரலைப் பிடிக்கப் போனார். விலை பேச இங்கே ஒன்றுமில்லை என்று யாரோ சொன்ன பிறகுதான் துண்டைத் தோளில் போட்டார்.

"அம்மணிதான் நம்பர் படிப்பாங்களாமே. படிச்சுச் சொல்லுங்க கண்ணு, நாலு பேரு கேக்கட்டும்" என்றார் மாமனாராக வரப்போகிறவர். பட்டுப்புடவையோடு போய்ப் படித்தேன். முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து, எல்லாம் சொல்லி, "சீமையில பொறந்ததுங்க" என்று முடித்தேன். எல்லோர் முகத்திலும் வெளிச்சம். வெற்றிலைத் தட்டை எடுத்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச ஆரம்பித்துவிட்டார். "சோமனூர்ல ஒரு தறிக்காரரு வெச்சிருக்காருங்க, கோத்த வண்டி. அதுல ஏறி வந்து எங்கூட்டு விசேஷத்துல, என்ற வண்டிக்குப் பக்கத்துல நிறுத்தறாரு! பெட்டியில வந்த வண்டிக்கும் பெட்டிக்கடைக்கும் என்னங்க வித்தியாசம்? நான் டிரைவரை விட்டு அக்கட்டத் தள்ளி நிறுத்தச் சொல்லிப்போட்டேன். பொறப்புன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தறிக்காரர் எங்கள் கடை வாடிக்கை. தங்கமான மனிதர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்படியே நம்ம வண்டியவும் படிச்சுப்போடுங்க அம்மணி" என்றார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. "இருக்கட்டுமுங்க, காபி ஆறுதுங்க" என்றார். "இஞ்சின் சூடா இருக்குமுங்க, அப்பறம் பார்த்துக்கலாமுங்க" என்றேன் நான். "தகட்டுல எண்ணெ படிஞ்சிருக்குமுங்க" என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் விடுவதாக இல்லை. தன் கைக்குட்டையாலேயே தகட்டைத் துடைத்துவிட்டு எனக்காக வழி விட்டு நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லிவிடாதே என்று அர்த்தம். அவருக்குத்தான் தெரியுமே.

ஒரே ஒரு எழுத்து. முழுங்கிவிட்டிருந்தால் வெற்றிலை மாறியிருக்கும். ஆனால் பொறப்பு, பொறப்பு என்று அந்த ஆள் பேசிய பேச்சு என் தொண்டையில் நின்றது. 'கே' என்று படித்தேன். "தாய் சீமைதானுங்க. கோத்தது மெட்ராஸ்லங்க" என்றேன். என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். அவர் கத்தவில்லை. "அப்படீங்களா? ரொம்பச் சந்தோசமுங்க. நல்லாப் படிக்கறீங்க. வெகு நல்லாப் படிக்கறீங்க" என்றார். கச்சாயம் சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். வெற்றிலைத் தட்டு மட்டும் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து, ஜாதகத்தில் ஏதோ ஒரு தோஷம் இப்போதுதான் கண்ணில் பட்டது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா என்னைத் திட்டினாள். வால்பாறை வண்டி கடை ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. நான் தினமும் கதவுக்குப் பின்னால் வந்து ரோட்டைப் பார்த்தேன். தன் அப்பாவுக்குப் பயந்துதான் அவர் வராமல் இருக்கிறார், எப்படியும் வருவார் என்று நம்பினேன். 'கே' என்று கேட்டுச் சிரித்தவராயிற்றே.

வந்தார். மாசி மாதம், நல்ல பட்டப்பகல். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போயிருந்தார்.

"அப்பா இல்லீங்க. இப்ப வந்துருவாரு" என்றேன்.

"உங்களத்தான் பார்க்க வந்தேனுங்க."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு மனசே சரியில்லீங்க. காருல ஏறவே மாட்டீங்கறாரு. காங்கயத்துக்கு பஸ்ல போயிட்டு வாராரு. ஊரெல்லாம் பேச்சாப் போச்சு. அதான் ஒரு ரோசனை. உங்க வண்டியில இருக்கற தகட்டக் கழட்டி எங்குளுதுல மாட்டிப்போட்டா…"

எனக்கு முதலில் புரியவேயில்லை. "நம்பரு சேஸிஸ் சட்டத்துலயும் அடிச்சிருக்குமுங்க" என்றேன், ஏதோ வாடிக்கைக்காரருக்குச் சொல்வது போல.

"அங்கெல்லாம் ஆரு குனிஞ்சு பார்க்கப் போறாங்க? மாட்டுன பொறகு நீங்க ஒருக்கா எல்லாத்துக்கும் முன்னால படிச்சுப்போடோணும். அன்னிக்கு எண்ணெக் கறையில தப்பாத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னாப் போதும். அப்பறம் உறுதி வார்த்தைய வெச்சுக்கலாம்னு அப்பா சொல்லச் சொன்னாருங்க."

"உங்கப்பா சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கென்னங்க? ரெண்டு வண்டியும் ஓடுதுங்களே" என்று சிரித்தார். அதே சிரிப்பு.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "எனக்கு நீங்க வேணும், அதுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே அந்தத் தகட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, வெள்ளகோவில் சந்தை நடுவில் நின்று அவர்கள் கார் லிவர்பூலில் பிறந்தது என்று தொண்டை கிழியப் படித்திருப்பேன். மானம், ரோஷம் எதையும் பார்த்திருக்க மாட்டேன். அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. என்னைக் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, அவருக்கு வண்டி ஓடினால் போதும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தகடு வேணும்னா எடுத்துக்கங்க. படிக்க நான் வரமாட்டேனுங்க" என்றேன்.

இப்படிச் சொன்னால் தகடும் வேண்டாம் என்று சொல்வார், என்னோடு சண்டையாவது போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்ப் பானெட்டைத் தூக்கினார். அதை நிறுத்தும் கம்பி உடைந்திருந்தது. அவர் கழற்றி முடிக்கிறவரை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப ஒதவிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து அழுதேன். கதவு திறக்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். அப்பா வந்துதான் வெளியிலிருந்து உதைத்துத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். சரியாகச் சாத்தாமல் கிடந்த பானெட்டைத் தூக்கி, உள்ளே திருகாணி ஓட்டைகளைப் பார்த்தார்.

"தகடு எங்க கண்ணு?"

"வெள்ளகோவில்காரரு மகன் வந்து கழட்டீட்டுப் போயிட்டாருங்கப்பா."

"வண்டி?"

"வேண்டாமாமுங்க."

அப்பா பானெட்டை மெதுவாக இறக்கிச் சாத்தினார். எனக்கு முகம் காட்டாமல், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உன்னயப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"திருப்புளி இருக்குதான்னு கேட்டாருங்கப்பா."